கலாம் வளர்ந்த இல்லம்

பெரியோர் வாழ்ந்த மனைகளைப் பிற்காலத்தார் போற்றிக் காத்தல் எந்நாட்டிலும் உள்ள வழக்கமே. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவராயிருந்த ஆபிரகாம் லிங்கன் வாழ்ந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து வீட்டை, அவர்தம் மைந்தர் இராபர்ட் லிங்கன் 1887-ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்தாரிடம் ஒப்புவித்தார். வீட்டைச் செவ்வனே பேணவேண்டும். காணவருவோரிடம் கட்டணம் பெறலாகாது என்பன அவர் விதித்த நிபந்தனைகள். நம் பாரத நாட்டின் முதற் குடியரசுத் தலைவராகிய இராஜேந்திர பிரசாத் பிறந்த, பீகார் மாநிலத்து ஜீராதேயி வீடும் அவ்வாறே காக்கப்பட்டு வருகிறது. இவ்வீடுகளுக்கு ஆண்டுதோறும் பல்லாயிரவர் செல்கின்றனர். கட்டிலையும் நாற்காலியையும் கண்டு திரும்புகின்றனர். செங்கல்லும் சுண்ணாம்பும் மரமுமாகிய ஒரு கட்டடத்தைக் காப்பதனால் நாம் உண்மையிற் காப்பது யாது? இவ்வினாவுக்கு விடை தேடியே யாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

இத்தகைய மனை காண நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. தூத்துக்குடித் துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 2011-இல் வ. உ. சிதம்பரனார் பெயரைப் பெற்றது. அவர் 1872-இல் தோன்றிய ஒட்டப்பிடாரத்து வீடு இன்று நினைவில்லமாக விளங்குகிறது. ஆங்கிலேயரின் கப்பற் குழுமத்தை எதிர்த்து, 1906-இல் சுதேசிக் கப்பற் குழுமம் கண்டு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டவர் அவர். அதன் பயனாகச் சிறையிற் செக்கிழுத்தவர். அவ்வீட்டை முன்னரே கண்டிருக்கிறோம். அங்கு நின்றபோது எம் உள்ளத்தில் எழுந்த எண்ணம் ஒன்று: இக்கடற்கரை கலம் செலுத்தியோரின் கடற்கரை. கலம் செலுத்திய குடியொன்றிற் பிறந்து, கடலைக் கடந்தும் வானத்தை நோக்கியும் ஏவுகலம் செலுத்தி, பின்னர் நாட்டின் தலைமை இருக்கையில் அமர்ந்தவர் ஒருவரும் இதே மன்னார் வளைகுடாவின் வடகோடியிற் பிறந்தாரல்லரோ? அவர் வளர்ந்த இல்லத்தையும் காணவேண்டும் என்னும் விருப்பம் எமக்கு அன்றே தோன்றியது.

எம் வகுப்புத் தோழர் சிலரோடு சென்ற விடுமுறையில் அவ்விருப்பம் நிறைவேறிற்று. தூத்துக்குடியிலிருந்து கீழைக் கடற்கரைச் சாலை வழியே வேம்பாரும் சாயல்குடியும் கடந்து வடகிழக்கு நோக்கிச் சென்றோம். வலப்புறம் எங்கோ கடல். இடப்புறம் உடைமரமும் பனையும். இக்கடலின் அடியிலேதான் பாண்டியர்க்குப் புகழ் ஈந்த முத்துச் சலாபங்கள் இருந்தன. சங்கப் புலவர் பாடிய கொற்கை இன்று கடலை விட்டு உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் சிற்றூர். முத்துக்குளிப்போ அரசின் மேற்பார்வையில் 1961 வரையில் தூத்துக்குடியில் நடந்து, பின்னர் நின்றுபோயிற்று. கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி ஆழத்தில் இறங்கி, சிப்பியை அள்ளிவந்தவர் இக்கரைப் பரதவர். அவர் எடுத்த முத்து அரசர் முடிக்குச் சென்றது. சிப்பி கரையிற் கிடந்தது. சிப்பியைக் காத்து முத்தை மறப்பதும் உலகில் உண்டு என்பதை யாம் பின்னரே உணர்ந்தோம்.

கீழக்கரையைக் கண்டதும் தமிழ் பயில்வோராகிய எமக்கு உள்ளம் மகிழ்ந்தது. வள்ளல் சீதக்காதி வாழ்ந்த ஊர் அது. எட்டயபுரத்து உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணத்தோடு அவர் பெயரும் நின்று நிலவுகிறது. அங்குள்ள பழைய கற்பள்ளிவாசலின் தூண்களை நோக்குவோர், அவற்றைச் செதுக்கிய கைகளும் நம் கோயில் மண்டபங்களைச் செதுக்கிய கைகளும் ஒரு மரபினவே என்பதை எளிதில் அறிவர். மரக்கலத்தால் வாழ்ந்தோர் ஆதலின் மரக்காயர் எனப் பெயர் பெற்றனர் என்பர். அம்மரக்காயர் குடியிலேதான் ஆவுல் பக்கீர் ஜைனுலாபுதீன் அப்துல் கலாம் 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் பிறந்தார்.

இராமநாதபுரத்தில் சிறிது பொழுது தங்கினோம். தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும் ஊழியம் செய்த ஜெர்மானியப் போதகர் சுவார்ட்ஸ் ஐயரின் (1726–1798) பெயரைத் தாங்கிய பள்ளி அங்குளது. தீவிலே தொடக்கக் கல்வி முடித்த கலாம் உயர்கல்விக்கு வந்தது இப்பள்ளிக்கே. வீட்டு நினைவால் வாடிய அச்சிறுவனை ஊக்கி, 'உன்னால் இயலும்' என்று நெஞ்சுறுதி ஊட்டியவர் ஐயாத்துரை சாலமோன் என்னும் ஆசிரியர். தம் வாழ்நாள் முழுவதும் அவ்வாசிரியரைக் கலாம் நன்றியோடு குறிப்பிட்டு வந்தார். இவ்விடத்தை யாம் விரைந்து கடவாமைக்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

மண்டபத்தைத் தாண்டியதும் பாம்பன் பாலம். சாலைப் பாலத்தின்மேல் நின்று நோக்கினால் இரு இருப்புப்பாதைப் பாலங்கள் அருகருகே தோன்றும். ஒன்று 1914-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறக்கப்பெற்ற பழைய பாலம். 2022 டிசம்பரில் அதன்மேல் புகைவண்டி செல்வது நிறுத்தப்பட்டது. மற்றொன்று 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பெற்ற, நடுப்பகுதி செங்குத்தாக உயர்ந்து கப்பலுக்கு வழிவிடும் புதிய பாலம். காண்போர் அனைவரும் புதியதையே வியந்தனர். யாமோ பழையதையே நெடுநேரம் நோக்கினோம்.

அப்பாலத்துக்கும் எம் தூத்துக்குடிக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1914-க்கு முன்னர், இலங்கை செல்வோர் சென்னையிலிருந்து 'போட் மெயில்' வண்டியில் தூத்துக்குடி வந்து, அங்கே கப்பலேறிக் கொழும்பு சேர்வர். பாலம் ஆனபின் அவ்வண்டி தனுஷ்கோடிக்குத் திரும்பியது. பயணிகள் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறினர். ஒரு துறையின் ஆரவாரம் இவ்வாறு மற்றொரு துறைக்குச் சென்றது. ஆனால் அப்பாலம் தீவினுள் இருந்த ஒரு குடும்பத்துக்குச் செய்தது இதனினும் பெரிது. கலாமின் முன்னோர் தீவுக்கும் நிலத்துக்கும் இலங்கைக்கும் இடையே பண்டங்களையும் யாத்திரிகரையும் படகில் ஏற்றிச் சென்று செல்வராய் வாழ்ந்தவர். புகைவண்டி நேரே தீவுக்குள் வந்தபின் படகுக்கு வேலை ஏது? சில ஆண்டுகளுள் வாணிபம் நொடித்தது, நிலபுலன்கள் போயின. பரம்பரை வீடு ஒன்றே எஞ்சியது. நாட்டுக்கு நன்மையாய் வந்த பாலம் ஒரு வீட்டுக்கு வறுமையாய் வந்த வரலாறு இது. எஞ்சிய அவ்வீட்டையே யாம் காணச் சென்றோம்.

இராமநாதசுவாமி கோயிலிலிருந்து பத்து நிமிட நடையில் மசூதித் தெரு உளது. தீர்த்தமாடிய ஈர ஆடையோடு செல்லும் வடநாட்டு யாத்திரிகர், தொழுகைக்குச் செல்லும் முதியோர், சங்கும் சிப்பியும் விற்கும் கடைகள், பள்ளி விட்டு வரும் சிறார் ஆகிய எல்லாம் ஒரு சிறு தெருவில் நெருங்கியுள்ளன. அரண்மனை போன்றதொன்றை எதிர்நோக்கிச் செல்வோர் ஏமாறுவர். கலாம் தம் அக்கினிச் சிறகுகள் என்னும் நூலில் கூறியாங்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிற் சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டப்பெற்ற வீடு அது; இன்று மாடியோடு புதுக்கப்பெற்று, பக்கத்து வீடுகளோடு தோள் உரசி நிற்கிறது. அதனைப் பேணி வருவோர் அவர் குடும்பத்தாரே.

மேல்தளம் காட்சிக்கூடமாய் அமைந்துளது. 1980 ஜூலை 18-ஆம் நாள் ரோகிணி என்னும் செயற்கைக்கோளைச் சுமந்து சென்ற எஸ். எல். வி-3 ஏவுகலத்தின் தலைவராய் நின்ற கலாம். 1989-இல் அக்கினி ஏவுகணை எழுந்த நாளின் கலாம். 1997-இல் பாரத ரத்னா பெற்ற கலாம். 2002 ஜூலை 25 முதல் ஐயாண்டு குடியரசுத் தலைவராயிருந்த கலாம் என அவர் வாழ்வின் படிகளெல்லாம் புகைப்படங்களாகவும் பட்டங்களாகவும் பரிசுகளாகவும் அங்கு நிரம்பியுள்ளன. மக்கள் வரிசையாய் வருகின்றனர், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கணம் நிற்கின்றனர், செல்கின்றனர். எமக்கு முன் நின்ற தந்தை ஒருவர் தம் சிறு மகனைத் தூக்கிப் பிடித்து, 'நீயும் இப்படிப் பெரிய ஆளாக வேண்டும், தெரிகிறதா?' என்றார். பையன் தலையசைத்தான். அவன் கண்ணோ சன்னலுக்கு வெளியே தெருவில் ஓடும் ஆட்டுக்குட்டியின்மேல் இருந்தது. யாம் நகைத்தோம். பின்னர்ச் சிந்தித்தபோது அப்பையன் பார்த்த திசையே சரியான திசை என்று தோன்றிற்று. ஏனெனில், கலாமைக் கலாமாக்கிய பொருள்கள் அப்பெட்டிகளுக்குள் இல்லை. கீழே அடுக்களையிலும் வாசலிலும் தெருவிலும் இருந்தன.

அவற்றுட் சில, கலாமே தம் நூல்களில் எழுதிவைத்தவை. அவர் அன்னையார் ஆஷியம்மாள். அவ்வீட்டு அடுக்களைத் தரையில் வாழையிலை இட்டு, சோறும் மணமிக்க சாம்பாரும் ஊறுகாயும் தேங்காய்த் துவையலும் பரிமாறுவார். நாள்தோறும் அவர் கையால் உண்டோர் எத்துணைப் பேர் என்று கலாமுக்கு நினைவில்லை. வீட்டார் அனைவரினும் வெளியார் தொகையே பெரிது என்பதில் மட்டும் அவருக்கு ஐயமில்லை. செல்வம் போன பின்னும் இலை குறையவில்லை என்பதனை உற்று நோக்குக. தந்தையார் ஜைனுலாபுதீன் விடியலுக்கு முன் எழுந்து தொழுது, நான்கு மைல் தொலைவிலுள்ள தம் தென்னந்தோப்புக்கு நடந்து சென்று, ஒரு டசன் தேங்காயைத் தோளிற் சுமந்து திரும்புவார். மாலைத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலை விட்டு அவர் வெளிவருங்கால், பல சமயத்து மக்களும் கிண்ணங்களில் நீர் ஏந்திக் காத்திருப்பர். அந்நீரைத் தொட்டு அவர் இறைவனை வேண்ட, அதனை நோயாளிக்குக் கொண்டு செல்வர். நலம் பெற்றோர் நன்றி கூற வீடு தேடி வருவர். அவரோ புன்னகைத்து, இறைவனுக்கே நன்றி கூறுமாறு பணிப்பார். இவ்வாசலில் வந்து நின்றவர் இன்ன சமயத்தார் என்று வினவப்பட்டதில்லை.

இனித் தெருவை நோக்குவோம். கோயிலின் தலைமைக் குருக்களாகிய பட்சி லட்சுமண சாஸ்திரிகள் கலாமின் தந்தைக்கு நெருங்கிய நண்பர். தீவில் முதல் தேவாலயத்தை எடுப்பித்தவர் போடல் பாதிரியார். குருக்களும் இமாமும் பாதிரியாரும் கூடியமர்ந்து ஊர் நலம் பேசுவர் என்று, 2013-இல் வெளிவந்த தம் மற்றொரு நூலிற் கலாம் எழுதியுள்ளார். சீதாராம கலியாண விழாவிலே, அருகிலிருந்த இராமதீர்த்தக் குளத்தின் நடுவண் அமைந்த இடத்துக்குத் திருவுருவங்களைக் கொண்டுசெல்லும் படகுகளை அமைத்துக் கொடுத்தவர் இம்மரக்காயர் வீட்டாரே. வாணிபம் செய்ய உதவாமற் போன படகு, நட்புச் செய்ய உதவியது. மும்மதத்தாரும் தத்தம் நெறியில் உறுதியாய் நின்றவர். ஒருவரும் தம் நெறியை நீர்க்கச் செய்து கொண்டவரல்லர். உறுதி உடையார்க்கே பிறரோடு அமர அச்சமில்லை என்பது எம் துணிபு.

எனினும் அத்தெருவிற் குறையே இல்லை என்று எண்ணுதல் பிழையாம். தொடக்கப் பள்ளியிலே ஐந்தாம் வகுப்பில், குல்லாய் அணிந்த கலாமும் பூணூல் அணிந்த குருக்கள் மகன் இராமநாத சாஸ்திரியும் முதல் வரிசையில் அருகருகே அமர்ந்திருந்தனர். புதிதாய் வந்த ஆசிரியர் ஒருவர்க்கு அது பொறுக்கவில்லை; கலாமைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். நண்பன் அழுதுகொண்டிருந்ததைக் கலாம் என்றும் மறந்தாரில்லை. செய்தி கேட்ட லட்சுமண சாஸ்திரிகள் அவ்வாசிரியரை அழைத்து, சிறு பிள்ளைகளின் உள்ளத்தில் நஞ்சு விதைக்கலாகாது என்று கண்டித்தார், ஆசிரியரும் மனந்திருந்தினார். அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரோ ஒருநாள் கலாமைத் தம் வீட்டுக்கு உணவுண்ண அழைத்தார். ஆசாரமிக்க அவர் மனைவியார் தம் அடுக்களையில் இசுலாமியச் சிறுவனுக்குப் பரிமாற இசையவில்லை. ஐயர் சினந்தாரில்லை, தாமே பரிமாறித் தாமும் அவனருகில் அமர்ந்துண்டார். விடைபெறும்போது அடுத்த வாரமும் வருமாறு அழைத்தார். சிறுவன் தயங்கவே, ஒழுங்கை மாற்றத் துணிந்தவர் இத்தகைய இடர்களை எதிர்கொள்ளவே வேண்டும் என்றார். அடுத்த வாரம் சென்றபோது அவ்வம்மையாரே சிறுவனை அடுக்களைக்குள் அழைத்துச் சென்று தம் கையாற் பரிமாறினார்.

அன்பர்களே, அவ்வேழு நாட்களுள் அவ்வீட்டில் நிகழ்ந்தது யாது? பூசலா, மௌனமா, கண்ணீரா? யாரும் எழுதிவைக்கவில்லை. ஆயினும் நாட்டு வரலாற்றில் பல போர்களினும் அவ்வேழு நாட்களே எமக்குப் பெரியனவாய்த் தோன்றுகின்றன. ஒரு சுவர் உள்ளிருந்தே இடிந்து, ஒரு வாசல் திறந்த நாட்கள் அவை.

வறுமையும் அச்சிறுவனுக்கு வாசலாயிற்று. 1939-இல் உலகப்போர் மூண்டபோது புளியங்கொட்டைக்குத் திடீரென விலை ஏறிற்று. அதைப் பொறுக்கி விற்று நாளுக்கு ஓரணா ஈட்டினார். பின்னர், புகைவண்டி இராமேசுவரத்தில் நிற்பது நிறுத்தப்பட்டது. செய்தித்தாட் கட்டுகளை ஓடும் வண்டியிலிருந்து எறிவர். அவற்றைப் பொறுக்கித் தருவதற்கு அவர் உறவினர் சம்சுதீனுக்கு ஒரு கை வேண்டியிருந்தது; அக்கை கலாமுடையதாயிற்று. எண்ணிப் பார்மின்! தந்தைவழிச் செல்வத்தை அழித்த அதே இருப்புப்பாதையின் ஓரத்திலேதான் மகன் தன் முதற் கூலியைப் பொறுக்கினான். பாலத்தை நொந்துகொண்டு அக்குடும்பம் வாசலை அடைத்திருப்பின் நாம் அவரை இழந்திருப்போம்.

திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 1954-இல் பௌதிகப் பட்டம் பெற்ற பின், சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் வானூர்திப் பொறியியல் பயில இடம் கிடைத்தது. சேர்வதற்கு வேண்டிய தொகையோ ஆயிரம் ரூபாய். தந்தையிடம் அத்துணைப் பணம் இல்லை. தமக்கையார் ஜோகரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். விலையுயர்ந்த ஒரு முத்தைக் கண்ட வணிகன் தனக்குள்ள யாவற்றையும் விற்று அதனைக் கொண்டான் என்று நம் ஆண்டவர் கூறிய உவமையை முத்துக் கடற்கரையினராகிய நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். அவ்வுவமையைக் கேட்டோர் பலர், செய்தோர் சிலர். மசூதித் தெருவில் வாழ்ந்த அவ்விளம்பெண் செய்தார். அவ்வளையல்கள் எக்காட்சிப் பெட்டியிலும் இருத்தற்கு இயலாதவை. அவை ஒரு மனிதனாக மாறிவிட்டன.

தில்லி மாளிகை முந்நூற்று நாற்பது அறைகள் உடையது. அங்கு அவர் வாழ்ந்த காலத்தில், 2006-இல், இராமேசுவரத்து உறவினர் ஐம்பதுக்கு மேற்பட்டோர் வந்து சில நாள் தங்கினர். அவர்க்கு ஆன அறை வாடகை, உணவு முதலிய செலவு அனைத்தையும் கணக்கிடச் செய்து, கலாம் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார் என்று, அவர்தம் செயலாளராயிருந்த பி. எம். நாயர் கூறியுள்ளார். மாளிகை நாட்டுடையது, விருந்து வீட்டுடையது. அன்னையின் இலைக்குக் கணக்கில்லை. பொதுப் பணத்துக்குக் கணக்குண்டு. இவ்விரண்டையும் அவர் அச்சிறு வீட்டிலேயே கற்றிருத்தல் வேண்டும்.

2015 ஜூலை 27-ஆம் நாள் ஷில்லாங்கில் மாணவர்க்கு உரையாற்றிக் கொண்டிருக்கையில் அவர் மறைந்தார். உடல் இராமேசுவரத்துக்கே வந்தது. பேய்க்கரும்பில் அடக்கம் செய்யப்பெற்ற இடத்தில் 2017-இல் பெரியதொரு நினைவகம் திறக்கப்பட்டது. வழியில் அதனையும் கண்டோம். விரிந்த தோட்டமும், உயர்ந்த கூரையும், ஏவுகலத்தின் உருவமும் கொண்டு அழகுற விளங்குகிறது. நினைவகம் அவர் எய்திய உயரத்தைக் காட்டுகிறது. வீடோ அவ்வுயரத்துக்கு ஏணி பிடித்தோரைக் காட்டுகிறது. இரண்டனுள் ஒன்றே காணப் பொழுதுண்டு என்பார்க்கு வீட்டையே காண்க என்போம்.

நிற்க. இவையெல்லாம் பிறர் பெருமை. இவற்றால் மிஷன் கல்லூரி மாணவராகிய நமக்கு வருவது யாது? சுவார்ட்ஸ் பள்ளியும் தூய வளனார் கல்லூரியும் கிறிஸ்தவர் நடத்தியவை. அவை அவ்விசுலாமிய இளைஞனுக்கு வாசல் திறந்தன; அவனும் தன் தந்தையின் மகனாகவே உள்ளே வந்து, தன் தந்தையின் மகனாகவே வெளியேறினான். இதனை நம் வெற்றி என்று தம்பட்டம் அடிப்பது எளிது. ஆனால் நம் வீட்டுச் சுவர்களையும் நாம் நினைத்தல் வேண்டும். நெல்லை நாட்டு வடக்கன்குளத்திலே 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம், சாதிக்கு ஒரு பக்கமாக இரு கூடங்களும் இடையே தடுப்புச் சுவருமாய்க் கட்டப்பெற்றது. ஒரே பீடம், ஒரே அப்பம், ஆயினும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாத வழிபாடு! 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. கல்லாலாகிய சுவர் வீழ்ந்து நூறாண்டுக்கு மேலாயிற்று. மற்றைச் சுவரோ? நம் விடுதிகளின் உணவுக்கூடத்தை நடுப்பகலில் நோக்குக. எவரும் ஆணையிடாமலேயே இன்ன ஊரார் இம்மேசை, இன்ன சாதியார் அம்மேசை என்று பிரிந்து அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். கடைசி வரிசைக்குப் போ என்று சொல்ல இன்று ஆசிரியர் இல்லை, நாமே சொல்லிக்கொள்கிறோம். கண்டிக்க லட்சுமண சாஸ்திரிகளும் இல்லை.

நம் கடற்கரையில் மற்றொரு காட்சியும் உருவாகி வருகிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரி 28-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. சலாபம் குளித்தோரின் பேரப்பிள்ளைகள் தம் வள்ளங்களிலிருந்தே ஏவுகலம் எழுவதைக் காணும் நாள் வரும். கண்டு வியந்து நிற்பதோடு அவர்தம் பங்கு முடிந்துவிடுமோ, அன்றி அதனைச் செய்து ஏவுவோருள் அவரும் இருப்பரோ என்பதே வினா. பாம்பன் பாலம் வந்தபோது ஒரு படகுக் குடும்பம் வீழ்ந்தது. ஓர் ஆசிரியரும், ஒரு தமக்கையும், ஒரு குருக்களும், ஒரு பள்ளியும் கை கொடுத்தமையால் அக்குடும்பத்து மகன் எழுந்தான். அக்கைகளுள் ஒன்று குறைந்திருப்பினும் கதை வேறாயிருக்கும். இன்றும் பெரிய வேலைகள் வரும்போது சிறிய படகுகள் வீழும். அப்போது நீட்டப்படும் கை நம்முடையதாயிருக்குமா?

ஆதலின் தொடக்கத்து வினாவுக்கு யாம் கண்ட விடை இது: பெரியார் ஒருவரின் மனையைக் காப்பதென்பது அதன் சுவரைக் காப்பதன்று, அதன் வாசலைக் காப்பது. சுவரை அரசினரும் குடும்பத்தாரும் காப்பர். வாசலையோ, அம்மனையைக் கண்டு திரும்பும் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்திலேயே திறந்து வைத்தல் வேண்டும். அடுத்த பருவம் தொடங்கும் முதல்நாள் உணவுக்கூடத்தில் எம் தோழர் நால்வரும் நான்கு வேறு மேசைகளில் அமர்வது எனத் துணிந்துள்ளோம். சிறு செயல்தான், நகைப்போரும் இருப்பர். முதல் வாரம் யாரும் பரிமாறாமற் போகலாம். இரண்டாம் வாரமும் செல்வோம். இதனைப் படிக்கும் அன்பர்களும் தத்தம் தட்டை எடுத்துக்கொண்டு எழுவாராக.